என் கட்டைவிரலே எனக்கு எதிரான சாட்சி

உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் உறுப்பு நாடுகளுக்கும், அந்நாடுகளின் வடிவமைப்புப் பதிவகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். ரியாத் வடிவமைப்புச் சட்ட உடன்படிக்கையைப் பற்றி நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பொருள்களின் தோற்ற வடிவத்தைப் பதிவு செய்யும் நடைமுறையை நாடுகளுக்கிடையே ஒத்துப்போகச் செய்ய, ஏறக்குறைய 20 ஆண்டு பேசி, 2024 நவம்பரில் நீங்களே ஏற்றுக்கொண்டது அது. அதிலுள்ள ஒரே ஒரு விதிக்காகத்தான் இந்த மடல். ஒரு வடிவத்தை உருவாக்கியவர் அதை வெளியே காட்டிவிட்டாலும், அதன் பிறகு பதிவுக்கு விண்ணப்பிக்க அவருக்கு 12 மாத அவகாசம் உண்டு என்கிற விதி. சலுகைக் காலம் என்கிறோமே, அதுதான். அதை உங்கள் நாட்டுச் சட்டத்தில் சேருங்கள். கேட்க வந்தது இவ்வளவே. ஏன் கேட்கிறேன் என்பதற்கு மட்டும் கொஞ்சம் பொறுமை காட்டுங்கள்.

நான் வடிவமைத்தது ஒரு மேசை விளக்கு. தண்டு எங்கே முடிகிறது, கூண்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி இரண்டும் ஒரே வளைவில் போகும். அந்த வளைவு கைக்கு வருவதற்குள் 14 மாதிரிகள் செய்து பார்த்தேன். கடைசி மாதிரி சரியாக வந்த அன்று, அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் படமெடுத்து இணையத்தில் போட்டேன். அப்புறம் ஒரு சிறிய கண்காட்சியிலும் வைத்தேன். பார்த்தவர்கள் கேட்டார்கள், விலை விசாரித்தார்கள். இது விற்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் பதிவுக்குப் போனேன். அதற்குள் ஒன்பது மாதம் ஓடியிருந்தது.

ஹேக் ஒப்பந்த முறையில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிட்டேன். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்பம்தான் ஒன்று; சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. சலுகைக் காலம் தருகிற நாடுகளில் பாதுகாப்பு கிடைத்தது. ஒரு நாட்டின் பதிவகத்திலிருந்து மறுப்புக் கடிதம் வந்தது. விண்ணப்ப நாளுக்கு முன்பே இந்த வடிவம் வெளியாகிவிட்டதாம், ஆகவே புதியதல்லவாம். ஆதாரமாக ஒரு படத்தை இணைத்திருந்தார்கள்.

என் படம். அதே மேசை, அதே சுவர். ஓரத்தில் விளக்கைப் பிடித்திருக்கும் என் கட்டைவிரல்.

அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. யாரோ எனக்கு முன்னால் இதே வளைவைக் கண்டுபிடித்திருந்தால் வருத்தத்தோடு ஒதுங்கியிருப்பேன். இங்கே எனக்கு முன்னால் இருந்தவன் நானேதான். விண்ணப்பத்தைப் பரிசீலித்த பதிவக ஆய்வாளரைக் குறை சொல்லவில்லை. அவர் சட்டப் புத்தகத்தில் உள்ளதைச் செய்தார். புத்தகத்தை எழுதுகிறவர்கள் நீங்கள், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்போது அந்த நாட்டில் வேறொருவர் என் விளக்கைச் செய்து விற்கிறார். அது திருட்டல்ல, சட்டப்படி ஒழுங்கான வியாபாரம். அவருடைய விளம்பரத்திலும் அதே படம்தான். கட்டைவிரலை மட்டும் நறுக்கிவிட்டார். அந்தப் படத்துக்கு எனக்குப் பதிப்புரிமை இருக்கிறதாம், எந்தப் பதிவும் இல்லாமலே. படத்தை எடுக்கச் சொல்லி வழக்குப் போடலாம் என்றார் வழக்கறிஞர். அரை நிமிடத்தில் எடுத்த படத்துக்குச் சட்டம் துணை நிற்கிறது. 14 மாதிரி செய்து பிடித்த வளைவுக்கு நிற்கவில்லை.

பதிவு செய்துவிட்டுக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை, அது என் தவறு. ஆனால் தெரிந்திருந்தாலும் எதைப் பதிவு செய்திருப்பேன்? வடிவமைப்பாளர் மேசையில் பத்து வடிவங்கள் இருக்கும். அவற்றில் எது பிழைக்கும் என்பது நாலு பேர் பார்த்த பிறகுதான் தெரியும். பத்துக்கும் பணம் கட்டுவது பெரிய நிறுவனங்களுக்குச் சரி. தனி ஆள் முதலில் காட்டுவார், பிறகுதான் கட்டுவார். சலுகைக் காலம் வந்தால் எந்த வடிவத்துக்கு உரிமை இருக்கிறது, எதற்கு இல்லை என்ற குழப்பம் மற்றவர்களுக்கு வரும் என்ற வாதமும் எனக்குத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் 12 மாதம் தருகின்றன. ஜப்பான் முன்பு ஆறு மாதம்தான் தந்தது, 2018இல் அதை ஓர் ஆண்டாக்கியது. அந்தச் சந்தைகளில் வியாபாரம் ஒன்றும் நின்றுவிடவில்லையே.

இந்தச் சட்டங்களின் தாய் எது என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். 1873 வியன்னா கண்காட்சிக்கு வர வெளிநாட்டுக் கண்டுபிடிப்பாளர்கள் பலர் மறுத்தார்கள். காட்டினால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தைப் போக்கத் தொடங்கிய முயற்சிதான் 1883இல் பாரிஸ் உடன்படிக்கையாக வந்து முடிந்தது. காட்டப் பயந்தவர்களுக்காகப் பிறந்த ஏற்பாட்டில், 140 ஆண்டு கழித்து, காட்டியவன் தண்டனை அனுபவிக்கிறான். கண்காட்சிக்குப் பாரிஸ் உடன்படிக்கையிலேயே ஒரு தற்காலிகப் பாதுகாப்பு உண்டே என்று சொல்ல வருவீர்கள். அது அதிகாரபூர்வமான, அல்லது அப்படி அங்கீகாரம் பெற்ற பன்னாட்டுக் கண்காட்சிக்கு. ஒரு மண்டபத்தில் எட்டு மேசை போட்ட கண்காட்சிக்கு யார் அங்கீகாரம் தருவார்கள்?

அதே உடன்படிக்கையில், முதல் நாட்டில் விண்ணப்பித்தவர் மற்ற நாடுகளிலும் அதே தேதியின் முன்னுரிமையோடு விண்ணப்பிக்க, காப்புரிமைக்கு 12 மாதம், வடிவமைப்புக்கு ஆறே மாதம். இயந்திரம் செய்கிறவர் நிதானமாக யோசிக்க வேண்டும், விளக்கு செய்கிறவர் ஓட வேண்டும் போலிருக்கிறது. விண்ணப்பத்தோடு தர வேண்டிய வரைபடங்களின் கதை தனி. ஒரு பதிவகத்தில் புள்ளிக்கோடு என்றால் 'இந்தப் பகுதிக்கு உரிமை கோரவில்லை' என்று பொருள்; இன்னொன்றில் புள்ளிக்கோடு என்றாலே விண்ணப்பம் திரும்பி வரும். நிழல் தீட்டு என்று ஒருவர், நிழலை எடு என்று ஒருவர். விளக்கை வரைய எடுத்ததைவிட விளக்கைப் பதிவகங்களுக்காக வரைய எனக்கு அதிக நாள் பிடித்தது. சரி, இதையெல்லாம் சொல்லப் போனால் மடல் நீளும். கோபத்தில் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

என் கோரிக்கைக்கே வருகிறேன். ரியாத் உடன்படிக்கை நடைமுறைக்கு வர 15 தரப்புகள் அதில் முறைப்படி சேர வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோப்பை மூடிவைத்திருக்கும் நாடுகள் தயவுசெய்து அதைத் திறக்க வேண்டும். சேராத நாடுகள் சேர வேண்டும். அதற்கும் தாமதமாகும் என்றால், 12 மாத சலுகைக் காலத்தை உங்கள் சட்டத்தில் நீங்களாகவே எழுதிக்கொள்ளலாம். அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. வடிவமைத்தவரே வெளியிட்ட படத்தை அவருக்கு எதிரான ஆதாரமாக வைக்காதீர்கள்.

என் விளக்குக்கு அந்த நாட்டில் இனி எதுவும் ஆகாது என்று தெரியும். முன்தேதியிட்டு உரிமை கேட்கவும் இல்லை. இப்போது வேறொரு விளக்கில் வேலை நடக்கிறது, ஆறாவது மாதிரியில் இருக்கிறேன். பட்டறைக்கு யாராவது வந்தால் அதன் மேல் ஒரு துணியைப் போட்டுவிடுகிறேன். அந்தத் துணியை எடுக்கலாமா என்று உங்கள் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அன்புகூர்ந்து விரைவில் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
விளக்கு செய்கிறவன்