கடைசிச் சுற்றில் டிராகன்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். என் வாழ்த்தைச் சொல். சதுரங்கப் போட்டி எப்படிப் போனது என்று கேட்டிருந்தாய். மற்ற சுற்றுகளை விடு, கடைசிச் சுற்றை மட்டும் சொல்கிறேன்.

கறுப்பில் சிசிலியன் டிராகன் என்ற தொடக்க முறையை ஆடினேன். எதிரில் ஓர் இளைஞர். டிராகனுக்கு எதிராக வெள்ளை ஆடும் யூகோஸ்லாவ் தாக்குதலுக்கு நேராக வந்துவிட்டார்: சிப்பாய் எஃப்3 கட்டத்தில், ராணி டி2-வில், ராணிப் பக்கம் ராஜாவுக்குக் கோட்டை கட்டல், அப்புறம் ஹெச் சிப்பாய் விறுவிறுவென்று இறங்கியது. ஹெச்5-ல் அதைப் பலி கொடுத்தார், குதிரையால் வெட்டினேன். ஜி4-க்குச் சிப்பாயைத் தள்ளி விரட்டினார். குதிரை எஃப்6-க்குத் திரும்பியது.

1974-ல் கிராண்ட்மாஸ்டர் கோர்ச்னோய்க்கு எதிராக கார்போவ் வெள்ளையில் இதே இடத்தில், 16-வது நகர்வில், என்ன செய்தார், நினைவிருக்கிறதா? டி4 குதிரையை ஈ2-க்கு இழுத்து, முதலில் சி3 குதிரைக்குத் துணை நிறுத்தினார். அந்த சி3 குதிரைதான் பிறகு டி5-க்குப் பாய்ந்தது. 27 நகர்வில் கார்போவ் வென்றுவிட்டார். என் எதிராளி அவ்வளவு பொறுக்கவில்லை. மந்திரியை உடனே ஹெச்6-ல் வைத்தார்.

நான் ஈ4 சிப்பாயைக் குதிரையால் வெட்டினேன். ராணி ஈ3-க்கு விலகியது. அடுத்து சி4-ல் நின்ற என் யானையைக் கொடுத்து சி3 குதிரையை எடுத்தேன். பிறகு என் குதிரை மீண்டும் எஃப்6-க்கு வந்தது. யானைக்கு ஒரு குதிரையும் இரண்டு சிப்பாயும். கணக்கில் பெரிய லாபம் இல்லை. ஆனால் ஹெச்7-ஐக் காப்பது என் எஃப்6 குதிரை. அதைக் கிளப்ப வெள்ளைக்கு இருந்த ஆயுதம் டி5-க்கு வரும் குதிரை. அது பலகையிலேயே இல்லை! டிராகனில் ராஜாவைச் சுற்றிக் காவல் போட்டு உட்கார்ந்தால் செத்தோம். சி3-ல் அடிப்பதுதான் காவல். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜி7-ல் மந்திரிகள் வெட்டுப்பட்டதும் அவர் யானைகளை ஹெச் வரிசையில் சேர்க்கப் பார்த்தார். நான் யானையை ஜி8-ல் வைத்து, ராஜா எஃப்8 பக்கம் ஓட வழிவிட்டேன். பிறகு ராணிகள் போயின, நீண்ட இறுதியாட்டம், டிரா. முழு நிறைவோடு கைகுலுக்கினேன்.

1995-ல் நியூயார்க்கில் உலகப் பட்டப் போட்டியில் காஸ்பரோவ் இதே டிராகனால் ஆனந்தை 11, 13-வது ஆட்டங்களில் வென்றபோது நாம் எவ்வளவு வருந்தினோம்! அன்று முதல் இதன்மேல் எனக்கு ஒரு மயக்கம்.

சரி, நீ வெள்ளையில் இருந்தால் 16-வது நகர்வில் கார்போவ் வழியில் போவாயா, வேறு ஏதாவது வைத்திருக்கிறாயா? பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்