செக்கரியாவின் மௌனமும் நமது டிசம்பரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் மாதம் பிறந்ததுமே, கிறிஸ்துமஸ் கொண்டாட்டங்கள் தொடங்கிவிட்டன என்ற செய்தி ஆண்டுதோறும் நாளிதழ்களில் வந்துவிடுகிறது. தங்கள் நாளிதழிலும் அவ்வாறே வருகிறது. எங்கள் விழாவின் மீதுள்ள அன்பினால் எழுதப்படும் செய்தி அது என்பதால் அதைக் குறை கூற எனக்கு மனமில்லை. கிறிஸ்தவர்களாகிய நாங்களே அப்படித்தான் நடந்துகொள்கிறோம் என்பதுதான் என் வருத்தம். திருச்சபையின் நாள்காட்டியில் டிசம்பர் 24 மாலை வரை கிறிஸ்துமஸ் தொடங்குவதில்லை. அதற்கு முந்தைய நான்கு ஞாயிறுகளையும் உள்ளடக்கிய நாள்களைக் கத்தோலிக்கர்களாகிய நாங்கள் திருவருகைக் காலம் என்கிறோம். பிற சபைகளைச் சேர்ந்த சகோதரர்கள் ஆகமன காலம் என்பார்கள். கிறிஸ்து பிறப்புக் காலமோ அந்த 24 மாலையில் தொடங்கி, ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீடிக்கிறது. காத்திருக்க வேண்டிய நாள்களில் கொண்டாடி முடித்து, கொண்டாட வேண்டிய நாள்கள் வரும்போது களைத்துப்போய் அலங்காரங்களைக் கழற்றத் தொடங்கிவிடுகிறோம்.

புனித அந்திரேயாவின் திருநாளான நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று இக்காலம் தொடங்குகிறது. ஆகவே அது குறைந்தது 22 நாள்களும், அதிகம் போனால் 28 நாள்களும் இருக்கும். குருவானவர் ஊதா நிறத் திருவுடை அணிகிறார்; ஞாயிறு வழிபாடான திருப்பலியில், கடவுளைப் புகழும் வானவர் கீதம் பாடப்படுவதில்லை. ஆனால் உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலத்தில் நிறுத்தப்படும் அல்லேலூயா என்னும் மகிழ்ச்சி முழக்கம் இக்காலத்தில் நிறுத்தப்படுவதில்லை. இந்தச் சிறிய வேறுபாட்டிலேயே இக்காலத்தின் இயல்பு அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். 1969-இல் வெளியான திருவழிபாட்டு ஆண்டுக்கான பொது விதிகளும் இதனைப் பக்தியும் மகிழ்ச்சியும் கலந்த எதிர்பார்ப்பின் காலம் என்றே விளக்குகின்றன.

எதை எதிர்பார்க்கிறோம் என்று கேட்டால், பெத்லகேமில் பிறந்த குழந்தையை என்றுதான் பெரும்பாலோர் விடையளிப்பார்கள். ஆயினும் டிசம்பர் 16 வரையிலான வாசகங்கள் பெரிதும் உலக முடிவில் நிகழவிருக்கும் கிறிஸ்துவின் இரண்டாம் வருகையை நோக்கியே நம் மனத்தைத் திருப்புகின்றன. பெத்லகேமை நோக்கி அவை திரும்புவது 17-ஆம் தேதியிலிருந்துதான். ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றுக்காக எவரும் காத்திருக்க முடியாது. அதை நினைவுகூரத்தான் முடியும். இவ்விரு வருகைகளுக்கும் இடையே, ஆரவாரமின்றி மனித உள்ளத்தில் நிகழும் மற்றொரு வருகையும் உண்டு என்று 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித பெர்நார்து கற்பித்தார். உள்ளத்தைத் தயாரிப்பது என்று நாம் சொல்வது அந்த நடு வருகைக்காகத்தான்.

இத்தயாரிப்புக்கு எது தடையாக நிற்கிறது என்பதையும் இயேசு சொல்லியிருக்கிறார். லூக்கா நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தில், உள்ளங்கள் மந்தமடையாதபடி எச்சரிக்கையாய் இருங்கள் என்று கூறும்போது, குடிவெறியையும் களியாட்டத்தையும் குறிப்பிட்டதோடு நில்லாமல், இவ்வுலக வாழ்வின் கவலைகளையும் அவற்றோடு சேர்த்தே சொல்கிறார். குடியும் களியாட்டமும் நம்மைப் பற்றியவை அல்ல என்று நல்லவர்கள் எளிதில் கடந்து போய்விடலாம். கவலையை அப்படிக் கடந்து போக முடியாது. யாருக்கு என்ன வாங்குவது, யாரை அழைப்பது, விழா நாளுக்குள் எதையெல்லாம் முடிப்பது என்று ஓடிக்கொண்டிருக்கும் தாயும் தந்தையும் ஒரு பாவமும் செய்யாமலே அந்த நான்கு வாரங்களை இழந்துவிடுகிறார்கள்.

திருவருகைக் காலத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர், திருமுழுக்கு யோவானின் தந்தையான செக்கரியா. திருப்பலியில் டிசம்பர் 19 அன்று அவரது வரலாற்றின் தொடக்கம் வாசிக்கப்படுகிறது. வயது முதிர்ந்த குருவாகிய அவர் தூபம் காட்டத் திருக்கோவிலுக்குள் நுழைகிறார். உம் மன்றாட்டு கேட்கப்பட்டது, உம் மனைவி எலிசபெத்து ஒரு மகனைப் பெறுவார் என்று வானதூதர் கபிரியேல் அவரிடம் அறிவிக்கிறார். அவரோ தம் முதுமையைச் சுட்டிக்காட்டி, இதை நான் எப்படி அறிவேன் என்று கேட்கிறார். எதற்காக மன்றாடினாரோ அது கைகூடும் வேளையில் அவரால் நம்ப முடியவில்லை. அந்த நாளிலிருந்து குழந்தை பிறந்து பெயரிடப்படும்வரை அவருக்குப் பேச்சு இல்லை. எலிசபெத்தும் ஐந்து மாதம் வெளியே வராமல் இருந்தார் என்கிறார் லூக்கா. மீட்பின் வரலாறு அந்த அமைதியான வீட்டில்தான் மெல்ல வளர்ந்தது. 23-ஆம் தேதி வாசகத்தில், குழந்தைக்கு என்ன பெயர் என்று உறவினர்கள் சைகையால் கேட்க, அவர் எழுதுபலகையில் இக்குழந்தையின் பெயர் யோவான் என்று எழுதுகிறார். உடனே அவரது நா கட்டவிழ்கிறது. இத்தனை மாதம் அடைபட்டிருந்த வாயிலிருந்து ஒரு முறையீடும் வரவில்லை. கடவுளைப் போற்றும் பாடல்தான் வருகிறது. அப்பாடலே 24 காலைத் திருப்பலியின் நற்செய்தி. திருச்சபை தன் காலைச் செபத்தில் அதை நாள்தோறும் சொல்கிறது.

அந்த மௌனத்தைத் தண்டனை என்றே சிறு வயதில் எனக்குக் கற்றுத் தந்தார்கள். இப்போது அதை இரக்கமாகவும் பார்க்கிறேன். நம்பாமல் கேள்வி கேட்ட நாவுக்கு, நம்பக் கற்றுக்கொள்ளும் அவகாசம் அதனால்தான் கிடைத்தது.

இதை நான் உணர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தந்தையின் இறுதி நாள்களில் அவரை யார் எவ்வளவு கவனித்துக்கொண்டோம் என்பதில் எழுந்த வார்த்தைகளால், என் அண்ணனோடு ஆறு ஆண்டுகள் பேசாமல் இருந்தேன். அந்த ஆண்டுகளிலும் திருவருகைக் காலத்தில் தவறாமல் கோவிலுக்குச் சென்றேன், செபித்தேன், செக்கரியாவின் வரலாற்றைக் கேட்டேன். ஓர் ஆண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், நானும் வாய் மூடித்தான் இருக்கிறேன், ஆனால் என் மௌனத்தில் எதுவும் வளரவில்லை என்ற எண்ணம் என்னைத் தைத்தது. அன்று மாலை, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனம் பெறச் சென்றேன். சிறு சிறு குற்றங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி, இதைக் கடைசியில் சொன்னேன். குருவானவர் மற்றவற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனிடம் எப்போது பேசப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். அன்று இரவு எனக்குத் துணிவு வரவில்லை. மறுநாள் மாலை தொலைபேசியில் அழைத்தேன். என் குரலைக் கேட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்த அண்ணன், பிறகு “சாப்பிட்டாயா?” என்று கேட்டார். பழைய வார்த்தைகளைப் பற்றி இருவரும் அன்று எதுவும் பேசவில்லை. அதைப் பேசி முடிக்க இன்னும் சில மாதங்கள் ஆயின. ஆனால் அந்தக் கிறிஸ்து பிறப்பு இரவில் வானவர் கீதம் மீண்டும் ஒலித்தபோது, பல ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக அதை என்னால் முழு மனத்தோடு பாட முடிந்தது.

செக்கரியாவின் மகன் யோவானும் பின்னாளில் இதையேதான் கேட்டார். ஆண்டவருக்காக வழியை ஆயத்தமாக்குங்கள் என்ற இறைவாக்கினர் எசாயாவின் அறைகூவலை அவர் யோர்தான் ஆற்றங்கரையில் எழுப்பியபோது, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். அவர் தந்த விடையில் நோன்பும் இல்லை, பலியும் இல்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவர் ஒன்றை இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்றார். வரி தண்டுவோரிடம், விதிக்கப்பட்டதற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். படைவீரரிடம், யாரையும் அச்சுறுத்திப் பணம் பறிக்காதீர்கள், கிடைக்கும் ஊதியமே போதும் என்றிருங்கள் என்றார். யாரையும் அவரவர் தொழிலை விட்டுவிட அவர் சொல்லவில்லை. அந்தத் தொழிலுக்குள்ளேயே பிறருக்குச் சேர வேண்டியதைச் செலுத்தச் சொன்னார். கொடுக்க வேண்டிய கூலியை நிறுத்தி வைத்திருப்பவருக்கும், மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் கேட்காமல் இருப்பவருக்கும் யோவான் வேறு விடை தந்திருக்கமாட்டார்.

இக்காலத்தில் மகிழ்ச்சியாக இருக்க முடியாதவர்களுக்கும் ஒரு சொல். அண்மையில் உறவை இழந்தவர்களும் நோயில் கிடப்பவர்களும், என் விசுவாசம் தளர்ந்துவிட்டதோ என்று தங்களையே நொந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் ஞாயிறை நாங்கள் மகிழ்ச்சி ஞாயிறு என்கிறோம். மூன்றாண்டுச் சுழற்சியில் மத்தேயு நற்செய்தி வாசிக்கப்படும் ஆண்டில், அந்த ஞாயிறன்றே சிறையிலிருக்கும் யோவானின் கேள்வி வாசிக்கப்படுகிறது: வரவிருப்பவர் நீர்தாமா, அல்லது வேறொருவரை எதிர்பார்க்க வேண்டுமா? வழியை ஆயத்தம் செய்தவருக்கே ஐயம் வந்தது. இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. விடை சொல்லி அனுப்பிவிட்டு, மக்கள் முன் அவரைப் பாராட்டினார்.

நான்கு மெழுகுதிரிகள் கொண்ட திருவருகை வளையம் இப்போது பல கோவில்களிலும் வீடுகளிலும் உள்ளது. 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திவந்த யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற போதகர், ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுதிரிகளும் மற்ற நாள்களுக்குச் சிறியவையுமாக ஒரு வண்டிச் சக்கரத்தில் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றிவந்தார். அதை வீட்டில் வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு ஞாயிறும் திரி ஏற்றும் முன் பத்து நிமிடம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு, யாரிடம் நான் பேச வேண்டும், யாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று குடும்பமாக அமர்ந்து எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சரியாகப் பெயர் சொல்வார்கள்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வருகிற திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் அன்றைய நற்செய்திப் பகுதிக்குத் தங்கள் நாளிதழில் சில வரிகள் ஒதுக்குங்கள். கொண்டாட்டச் செய்திகளையும் படங்களையும் டிசம்பர் 25 முதல் வெளியிடுங்கள். எங்கள் விழா அதன் பிறகும் பல நாள்கள் தொடர்ந்து நடந்துகொண்டுதான் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்