ஹாப்ஸுக்குக் 'கெட்டவன்', லாக்குக்கு 'நல்லவன்': கைடு எழுதுகிறவர்களுக்கு ஒரு மடல்

வரலாற்றுக் கைடு எழுதும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நேற்று ராத்திரி என் மகளுக்கு ஐரோப்பிய அறிவொளி இயக்கப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். 'பொருத்துக' பகுதியில் இடது பக்கம் ஹாப்ஸ், லாக், ரூசோ என்று மூன்று அரசியல் சிந்தனையாளர்கள். வலது பக்கம் 'மனிதன் இயல்பிலேயே கெட்டவன்', 'மனிதன் இயல்பிலேயே நல்லவன்', 'மனிதன் சுதந்திரமாகப் பிறக்கிறான்'. மூன்று மார்க். அரை நிமிஷத்தில் பொருத்திவிட்டு, "ஹாப்ஸ் ஏம்பா அப்படிச் சொன்னார்?" என்று கேட்டாள். கைடில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்பதுதான் விஷயம். மனிதனின் ஆசைகளும் உணர்ச்சிகளும் தம்மளவில் பாவமல்ல என்று தன் 'லெவியாதன்' நூலிலேயே எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது வேறு: எவ்வளவு பெரிய பலசாலியையும் ஒரு சோனி சூழ்ச்சி செய்தோ நாலு பேரைச் சேர்த்துக்கொண்டோ கொன்றுவிடலாம், அந்த அளவுக்கு எல்லோரும் சமம், அதனால் அடக்கி வைக்க ஓர் அரசு இல்லாவிட்டால் எல்லோருக்கும் எல்லோர் மீதும் பயம், அந்தப் பயத்தில் நல்லவனுக்கும் முந்திக்கொண்டு அடித்துவிடத் தோன்றும். நம்பாதவர்களைப் பார்த்து, தூங்கப் போகும்போது கதவைத் தாழ் போடுகிறாயே, வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டி வைக்கிறாயே, அதெல்லாம் யாரை நினைத்து என்று கேட்கிறார். (எங்கள் வீட்டு பீரோ சாவி இருக்கும் இடம் எனக்கே தெரியாது. என் மனைவியும் ஹாப்ஸ் கட்சிதான் போலிருக்கிறது.) இங்கிலாந்தில் 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது, 1649இல் அரசன் தலையையே வெட்டினார்கள், 1651இல் இந்தப் புத்தகம் வந்தது. இந்த மூன்று வருஷங்களையும் எழுதாமல் 'வலிமையான மன்னராட்சியை ஆதரித்தார்' என்று மட்டும் எழுதினால் பிள்ளைகளுக்கு என்ன புரியும்?

சரி, லாக். அவரும் மனிதன் தங்கமானவன் என்று சான்றிதழ் கொடுக்கவில்லை. வரப்புத் தகராறில் இரண்டு பக்கமும் தன் வழக்குக்குத் தானே நியாயம் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் அவருடைய கவலை, அதற்குத்தான் பொதுவான நடுவராக ஓர் அரசு. அந்த அரசே மக்களின் உயிருக்கும் உடைமைக்கும் கைவைத்தால் மாற்றிவிடலாம் என்றார், ஆனால் 1689இல் அதை அச்சிட்டபோது தன் பெயரைப் போடவில்லை. அப்புறம், இதே லாக் அமெரிக்காவின் கரோலினா குடியேற்றத்துக்கான 1669ஆம் வருஷச் சட்ட வரைவிலும் பங்கெடுத்தவர். கறுப்பின அடிமைகள் மீது எஜமானனுக்கு முழு அதிகாரம் என்கிறது அது. சுதந்திரம் பேசிய மனிதர் இதை எப்படி எழுதினார் என்று பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள், வகுப்பே விழித்துக்கொள்ளும்.

ரூசோவை எடுத்தால் மடல் நீண்டுவிடும். பொது விருப்பத்துக்கு, அதாவது எல்லோர் நன்மையையும் நாடும் சமூகத்தின் விருப்பத்துக்கு, கட்டுப்பட மறுப்பவனைச் 'சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்த வேண்டும்' என்று அவர் 1762இல் எழுதியதையாவது சேருங்கள், எனக்கு இன்றும் உதறல் எடுக்கும் வாக்கியம் அது.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்தப் பொருத்துகவை எடுத்துவிட்டு இரண்டு கேள்வி போடுங்கள்: நாளைக்கு அரசே இல்லையென்றால் உனக்கு எதைக் கண்டு பயம்? இன்றைக்கு அரசு இருப்பதால் எதைக் கண்டு பயம்? முதல் கேள்வியில் ஹாப்ஸ் வருவார், இரண்டாவதில் லாக் வருவார், மூன்று மார்க்குக்கு ஒரு பக்கம் எழுதுவார்கள்.

அதுவரைக்கும் என்ன செய்வது? பரீட்சை வியாழக்கிழமை. ஹாப்ஸுக்கு நேராகக் 'கெட்டவன்' என்றே கோடு போடச் சொல்லிவிட்டேன்.