பெயர் சொல்லாமல் உதவியவருக்கு நன்றி

தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், நன்றியை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

எங்கள் நூலகப் பட்டியலை ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளம் கொண்ட சர்வருக்கு மாற்றியபோது, கோப்புகளின் உரிமையாளர், படிக்கும் உரிமை எல்லாம் சரியாக இருந்தும், அப்பாச்சி என்ற வலைச் சேவையக மென்பொருள் தொடர்ந்து 403 (அனுமதி மறுப்பு) பிழையையே காட்டியது. உரிமையை 777 (யாரும் படிக்கலாம், மாற்றலாம், இயக்கலாம்) ஆக்கியும் பயனில்லை. அப்படிச் செய்தது எவ்வளவு தவறு என்பதை அவர்தான் பொறுமையாக விளக்கினார்.

லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அமைப்பான எஸ்இலினக்ஸையே அணைத்துவிடும்படி பலர் சொன்ன நிலையில், அவர் முதலில் அது மறுத்தவற்றைக் குறித்துவைக்கும் ஆடிட் பதிவைப் படிக்கச் சொன்னார். ஹோம் ஃபோல்டரிலிருந்து கோப்புகளை 'எம்வி' கட்டளையால் நகர்த்தும்போது எஸ்இலினக்ஸ் கோப்புகளுக்கு இட்டிருக்கும் பழைய பாதுகாப்பு முத்திரையும் கூடவே வந்துவிடுகிறது என்றும், நகலெடுத்திருந்தால் புதிய இடத்துக்குரிய முத்திரை கிடைத்திருக்கும் என்றும், வீட்டுக் கோப்புகளுக்கான முத்திரை உள்ளவற்றைப் படிக்க வலைச் சேவையகத்துக்கு எஸ்இலினக்ஸ் கொள்கை இயல்பாக இடம் தருவதில்லை என்றும் அவர் சொன்னபோதுதான் எனக்குக் காரணம் விளங்கியது. 'ரீஸ்டோர்கான்' என்ற ஒரே கட்டளையில் முத்திரைகள் திருந்தின, தளமும் திறந்தது. பிறகு உரிமைகளையும் கோப்புகளுக்கு 644, ஃபோல்டர்களுக்கு 755 என்று பழையபடி மாற்ற வைத்தார்.

பாதுகாப்பைத் தளர்த்தாமலேயே சிக்கலைத் தீர்த்துக் கொடுத்த தங்களுக்கு, ஐயா, எங்கள் வாசகர்கள் சார்பிலும் மனமார்ந்த நன்றி.