தம்பிக்கு, அம்மா எழுதுறது

தம்பி,

நேத்து ராத்திரி ரெண்டு வாட்டி கூப்பிட்டேன், நீ எடுக்கல. உனக்கு அங்க திங்கக்கிழமை மத்தியானம், மீட்டிங்ல இருந்திருப்ப, தெரியும். வாய்ஸ் நோட் அனுப்புனா ரெண்டு நிமிஷத்துக்கு மேல நீ கேக்க மாட்ட, அதுவும் ஒன்றரை ஸ்பீடுல வச்சு கேப்ப, அதான் உக்காந்து டைப் பண்ணிட்டு இருக்கேன். எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காத.

மெல்போர்ன்ல வசந்தம்னு நீ பூ போட்டோவா போடுற, இங்க அமெரிக்காவுல நியூ ஹேவன்ல இலையெல்லாம் கொட்டி முடிஞ்சாச்சு. நம்ம வாசல்ல நிக்கிற மேப்பிள் மட்டும் தவணை முறையில கொட்டுது, இன்னைக்கு அள்ளுனா நாளைக்கு அதே அளவு. அப்பா இருந்தவரைக்கும் அந்த வேலை என் கண்ணுலயே பட்டதில்ல, இப்பத்தான் தெரியுது இடுப்பு என்னன்னு.

உன்கிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். கோடை முழுக்க நான் கோயிலுக்குப் போகல. நம்ம ட்ரினிட்டி சர்ச்சுல கோடையில பாதிப்பேர் ஊருக்கும் பீச்சுக்கும் போயிருவாங்க, யாரும் கேக்க மாட்டாங்கன்னு வீட்டுலயே இருந்துட்டேன், உண்மை என்னன்னா அந்த பெஞ்சுல தனியா உக்கார முடியல. செப்டம்பர்ல லேபர் டே லீவு முடிஞ்ச உடனே எல்லாம் திரும்ப ஆரம்பிச்சுருச்சு, கொயர், சண்டே ஸ்கூல், காபி அவர், மெயில் மேல மெயில். சரி போவோம்னு போனேன். இடது பக்கம் நம்ம இடத்துல வேற யாரோ ஒரு சின்னப்பொண்ணு கைக்குழந்தையோட உக்காந்திருந்தா, எனக்கு அது ஒருவிதத்துல நிம்மதியா போச்சு, வலது பக்கம் போய் உக்காந்துக்கிட்டேன்.

அக்டோபர் முதல் வாரம் மிருகங்களுக்கு ஆசீர்வாதம். அசிசி பிரான்சிஸ் நாள் அக்டோபர் 4, அதையொட்டி வர்ற ஞாயிறு. உனக்குத் தெரியும் நான் நாயைப் பார்த்தா ரோட்டுக்கு அந்தப்பக்கம் போற ஆளு. எனக்கு முன்னாடி ஒரு லாப்ரடார், பின்னாடி கூடைக்குள்ள ரெண்டு பூனை, ஒரு பையன் ஷூ டப்பாவுல ஆமை கொண்டு வந்திருந்தான். குருவானவர் ஒவ்வொண்ணு தலையிலயும் கை வச்சு பேரைச் சொல்லி ஜெபிக்கிறாரு. நம்ம பாளையங்கோட்டை சர்ச் ஐயர்கிட்ட போய் நாய்க்கு ஜெபம் பண்ணுங்கன்னு சொன்னா என்ன ஆகும்னு நெனச்சு சிரிப்பு வந்துருச்சு, ஆனா மாட்டுப்பொங்கலுக்கு கொம்புல பெயிண்ட் அடிச்சு மாலை போடுற ஊர்லேருந்து வந்துட்டு நான் எதுக்கு சிரிக்கணும். ஆமை கடைசிவரைக்கும் தலையை வெளிய நீட்டல, ஓட்டு மேலயே ஆசீர்வாதம் வாங்கிட்டுப் போயிருச்சு.

அப்புறம் ப்ளெட்ஜ் கார்டு. அடுத்த வருஷம் எவ்வளவு காணிக்கை தருவீங்கன்னு எழுதி கவர்ல போட்டுத் தரணும், அதை வச்சுத்தான் பட்ஜெட். நம்ம சங்கக் காணிக்கை மாதிரிதான். ஆனா அறுப்புப் பண்டிகை ஏலம் இங்க கெடையாது. உங்க தாத்தா ஒரு பூசணிக்காயை ஏட்டிக்குப் போட்டியா ஏலம் கேட்டு, மார்க்கெட் விலையைவிட இருபது மடங்குக்கு எடுத்து, ஆச்சிகிட்ட வாங்குன திட்டு இருக்கே, அது எங்க வீட்டுல முப்பது வருஷம் ஓடுச்சு. இங்கயும் வாசல்ல பூசணிக்காய் அடுக்கித்தான் வச்சிருக்காங்க, அழகுக்கு, யாரும் குழம்பு வைக்கிறதில்ல. யாரு எவ்வளவு குடுத்தாங்கன்னு வெளிய தெரியாம கவர்ல குடுக்குறது நல்ல பழக்கம்தான், நான் இல்லேங்கல. சுவாரஸ்யம் இல்ல, அவ்வளவுதான்.

இப்ப நேத்து விஷயத்துக்கு வர்றேன்.

நேத்து சகல பரிசுத்தவான்கள் ஞாயிறு. நேத்துத்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கிற நாளும். போன் தானா மாறிருச்சு, ஆனா நான் போனையா பாக்குறேன், அடுப்பு மேல உள்ள மணியைத்தான் பாக்குறேன், அதை வருஷா வருஷம் மாத்துறது அப்பா. அரக்கப்பரக்க பட்டுச்சேலை கட்டி, மேல கோட்டு போட்டு, பஸ்சைப் பிடிச்சு போய்ப் பார்த்தா கோயில்ல ஆளே இல்ல. ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நிக்கிறேன்.

உள்ள ஆல்ட்டர் கில்டு, அதான் பீடத்தைத் தயார் பண்ற குழு, அந்த அம்மாமார் மூணு பேர் மட்டும் வேலை பாத்துட்டு இருந்தாங்க. பச்சைத் துணியை எடுத்துட்டு வெள்ளை போடணும், சகல பரிசுத்தவான்களுக்கு வெள்ளைதான். வெறுமனே உக்காந்திருக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு, நானும் செய்யட்டான்னு கேட்டேன். கேக்குறதுக்கே காத்திருந்த மாதிரி இஸ்திரிப் பெட்டியை என் கையில குடுத்துட்டாங்க. அப்பமும் பாத்திரமும் வைக்கிற சதுர வெள்ளைத்துணி இருக்குல்ல, அதை மடிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு தம்பி. மூணா மடிச்சு, திரும்ப குறுக்க மூணா மடிக்கணும், எல்லா மடிப்பும் உள்பக்கமா, அப்பத்துணுக்கு விழுந்தா கீழ சிந்தாம துணிக்குள்ளயே நிக்கணுமாம். விரிச்சுப் பார்த்தா ஒன்பது கட்டம் தெரியும். நான் முதல்ல மடிச்சது கோணலாப் போச்சு, அந்த அம்மா ஒண்ணும் சொல்லாம தண்ணி தெளிச்சு மறுபடியும் எங்கிட்டயே தந்தாங்க. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, 1638ல இந்த ஊரை வந்து அமைச்சப்ப அவங்க போட்ட பிளானும் இதே ஒன்பது சதுரம்தானே, நடு சதுரம்தான் கிரீன்ங்கிற ஊர்ப் பொதுத்திடல், அதுலதான் இந்தக் கோயிலே நிக்குது. அப்பா இருந்தா இதை வச்சு அரை மணி நேரம் பேசியிருப்பாரு.

துணி மடிச்சுட்டு இருக்கையில, பேரு வாசிக்கப் போறவங்க ஒரு பேப்பரோட வந்தாங்க. அந்த வருஷம் இறந்தவங்க பேரையெல்லாம் ஆராதனையில சத்தமா வாசிப்பாங்க, அப்பா பேரை நான் ரெண்டு வாரம் முன்னாடியே ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். அவங்க எங்கிட்ட வந்து, இதை எப்படிச் சொல்லணும், தப்பா வாசிச்சிரக் கூடாது, சொல்லிக் குடுங்கன்னாங்க. அப்பாவைப் பெத்த உங்க தாத்தாவுக்கு தனித்தமிழ்ப் பைத்தியம், பாளையங்கோட்டையில அவனவன் பிள்ளைக்கு ஜான்சன், செல்வின்னு பேரு வைக்க, அவரு மட்டும் 'ழ' வர்ற மாதிரி தேடிப் பிடிச்சு வச்சாரு. அந்த 'ழ'வை மெட்ராஸ்லயே பாதிப்பேரு சொல்றதில்ல, எழுபது வயசு கனெக்டிகட் அம்மாவுக்கு நான் எப்படிச் சொல்லிக்குடுக்க? வாயைத் திறந்து காட்டுனேன். நாக்கை மேல மடக்குங்க, அண்ணத்தைத் தொடாதீங்க, தொடப் போற மாதிரி போயிட்டு விட்டுருங்கன்னு சொன்னேன். அவங்க முயற்சி பண்றாங்க, 'ல' வருது, 'ர' வருது, நடுவுல ஒரு தடவை கொப்பளிக்கிற சத்தம் வருது, இஸ்திரி போடுற ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டாங்க. கோயிலுக்குள்ள நாலு கெழவிங்க நாக்கை மடக்கிட்டு நிக்கிறோம். பிப்ரவரிக்கு அப்புறம் நான் சத்தம் போட்டுச் சிரிச்சது நேத்துத்தான்னு நெனைக்கிறேன்.

ஆராதனையில பேரு வாசிக்க ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு பேரா போயிட்டே இருந்துச்சு, அப்பா பேரு வர்றதுக்கு முன்னாடி அவங்க நிறுத்தி ஒரு மூச்சு எடுத்தது மைக்ல கேட்டுச்சு. 'ழ' வந்துச்சு தம்பி. கொஞ்சம் 'ர' பக்கமாத்தான் வந்துச்சு, ஆனா உங்க சித்தப்பா சொல்றதைவிட பரவாயில்ல. நான் அழுவேன்னு நெனச்சு கர்ச்சீப்பை கையிலயே வச்சிருந்தேன், அழல, சரியாச் சொல்லிட்டாங்களேன்னு வாத்தியாரம்மா மாதிரி தலையை ஆட்டிட்டு உக்காந்திருந்தேன்.

மத்த பேரெல்லாம் வாசிக்கையில எனக்கு அந்த மரம்தான் ஞாபகம் வந்துச்சு. 2012, சாண்டி புயல், அக்டோபர் கடைசி, கிரீன்ல லிங்கன் ஓக் விழுந்துச்சே. 1909ல லிங்கனோட நூறாவது பிறந்த வருஷத்துக்கு நட்டது. வேரோட சாஞ்சதுல வேருக்குள்ள மண்டையோடும் எலும்பும், அதுவும் ஹாலோவீனுக்கு முந்தின நாள் கண்டுபிடிச்சாங்க. நீயும் அப்பாவும் சொல்லாமக் கொள்ளாம போய்ப் பாத்துட்டு வந்தீங்க, நான் ரெண்டு பேரையும் வாசல்லயே நிறுத்தி நேரா குளிக்கப் போங்கன்னேன், நீ, நம்ம கிறிஸ்தவங்கதானம்மா எதுக்குக் குளிக்கணும்னு கேட்ட. பதில் எனக்கு அன்னைக்கும் தெரியல, இன்னைக்கும் தெரியாது, குளிக்கணும் அவ்வளவுதான். அந்தக் காலத்துல கிரீன்தான் ஊருக்கே கல்லறைத் தோட்டம், 1821ல கல்லை மட்டும் குரோவ் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்துக்கு மாத்துனாங்க, ஆளுங்க இன்னும் கீழதான் இருக்காங்க, ஆயிரக்கணக்குல. ட்ரினிட்டியை 1814ல கட்ட ஆரம்பிச்சு 1816ல பிரதிஷ்டை பண்ணாங்க, அப்ப அவங்களுக்குப் பக்கத்துலயே கல்லறைதான். அது அப்ப எனக்குப் பயமா இருந்துச்சு. நேத்து அப்படித் தோணல, மேல ஒரு கூட்டம் கீழ ஒரு கூட்டம்னு தோணுச்சு.

காபி அவர்ல ஒரு புதுப் பையன், யேல்ல படிக்க வந்தவன், நீங்க எந்த ஊருன்னு கேட்டான். நான் சென்னைக்குத் தெக்கன்னு சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாம். என் வாயிலேருந்து அப்பாவோட கதை அப்படியே வருது. உன் காலேஜுக்கு யாரு பேரை வச்சாங்களோ அவரு எங்க மெட்ராஸ் கோட்டையில கவர்னரா இருந்தவரு தெரியுமா, எலிஹு யேல், 1680 நவம்பர் 4 கோட்டைக்குள்ள செயின்ட் மேரீஸ் கோயில்ல கல்யாணம் பண்ணாரு, அந்தக் கோயில்ல நடந்த முதல் கல்யாணமே அதுதான், 1718ல ஒன்பது பொதி சரக்கு அனுப்புனாரு, அதை வித்து 562 பவுண்டு வந்துச்சு, கூட 417 புத்தகம், ராஜா படம் ஒண்ணு, அதுக்குத்தான் அந்தப் பேருன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். அப்பா இதைப் புதுசா வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லையில நான் தலையில அடிச்சுக்குவேன், மேஜைக்கு அடியில காலை மிதிப்பேன், உனக்கு ஞாபகம் இருக்கும். இப்ப நானே கையில குக்கியை வச்சுக்கிட்டு 417ங்கிறேன். ஆனா அப்பா விட்டுட்டுப் போற ஒண்ணையும் நான் சேர்த்துச் சொன்னேன், அந்த ஆளு காலத்துல மெட்ராஸ்லேருந்து அடிமைகளைக் கப்பல்ல ஏத்துனாங்க, அதையும் தெரிஞ்சுக்கோன்னு. பையன் காபியைக் குடிக்காமயே கேட்டுட்டு இருந்தான். அடுத்த வாரம் வர்றேன்னான், வருவானா தெரியல, கதைக்குப் பயந்து பாப்டிஸ்ட் கோயிலுக்குப் போனாலும் போயிருவான்.

வெளிய வந்தப்ப இன்னும் வெயில் இருந்துச்சு. குரோவ் ஸ்ட்ரீட் வரைக்கும் நடந்தேன். அந்தப் பெரிய எகிப்து வாசல்ல 'மரித்தோர் எழுந்திருப்பார்கள்'னு இங்கிலீஷ்ல வெட்டியிருக்கே, நீ சின்னதுல அதை ஜாம்பி கேட்டுன்னு சொல்லுவ. யேலுக்கு இடம் தேவைப்பட்டா நிச்சயம் எழுப்புவாங்கன்னு ஊர்ல ஒரு பழைய ஜோக்கு உண்டு, அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும். அப்புறம் வர்ற வழியில கடையில ஒரு தொட்டி செவந்தி வாங்குனேன், இங்க மம்னுதான் சொல்லுவாங்க, நம்ம ஊர்ல கல்லறைத் திருநாளைக்கு வைக்கிற அதே பூதான். பக்கத்து வீட்டு அக்கா கார்ல கூட்டிட்டுப் போனாங்க, அப்பாகிட்ட வச்சுட்டு வந்தேன். மெழுகுவர்த்தி காத்துல நிக்கல. மூணு தடவை ஏத்துனேன், விட்டுட்டேன்.

நவம்பர் 14 உனக்கு நேரு மாமா, இங்க சீபரி நாள். அமெரிக்காவுல நம்ம சபைக்கு முதல் பிஷப்பா அபிஷேகம் வாங்க இந்தக் கனெக்டிகட்காரரைத்தான் அனுப்புனாங்க, இங்கிலாந்து பிஷப்மார் ராஜாவுக்குச் சத்தியம் பண்ணாத்தான் அபிஷேகம்னு சொல்ல, அவரு ஸ்காட்லாந்து அபர்டீன் வரைக்கும் போய் 1784ல வாங்கிட்டு வந்தாரு. இதை எதுக்குச் சொல்றேன்னா அன்னைக்கு நான் ஆல்ட்டர் கில்டு கூட்டத்துக்குப் போகணும். ஆமா, சேத்துட்டாங்க. சேரலாமான்னு யாரும் கேக்கல, இஸ்திரிப் பெட்டியைத் தந்தப்பவே சேத்தாச்சாம்.

கடைசியா ஒண்ணு, இதுக்குத்தான் நேத்து கூப்பிட்டேன். கிரீன்ல ஞாயிறு மத்தியானம் திறந்தவெளியில ஆராதனை வச்சு சாப்பாடு போடுவாங்கல்ல, அங்க வர்றவங்களுக்குக் குளிர்கோட்டு சேக்குறாங்க. அப்பாவோட அந்த நீலக் கோட்டு இன்னும் அலமாரியிலதான் தொங்குது. பையில போன வருஷத்து கோயில் புல்லட்டினும், நாலு இருமல் மிட்டாயும் இருக்கு, எடுக்கல. மெல்போர்ன்ல அவ்வளவு கனமான கோட்டுக்கு வேலை இருக்காது, உனக்குத் தோள்லயும் பிடிக்கும், ஆனா உன்னைக் கேக்காம குடுக்க எனக்கு மனசு வரல. வேணும்னா வேணும்னு சொல்லு, மடிச்சு பார்சல் போடுறேன், செலவு ஆனாலும் பரவாயில்ல. வேணாம்னா வேணாம்னு சொல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிரு, சனிக்கிழமை காலையில வண்டி வந்து எடுத்துட்டுப் போயிரும்.

இருமல் மிட்டாயை நான் எடுத்து வச்சுக்கிறேன்.

அம்மா