அப்பாவின் நினைவு ஆராதனைக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்திலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனையில் வாசிக்க நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். சபைக் கமிட்டி உறுப்பினர், பொருளாளர், பெருமன்ற உறுப்பினர் என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது, எல்லாமே உண்மையும்கூட. ஆனால் அக்கா, அதில் அப்பா இல்லை. எனக்கு ஞாபகத்தில் இருப்பதை எழுதுகிறேன், அதிலிருந்து எடுத்து வாசி.

இங்கே கரும்பு அரவை நடந்துகொண்டிருக்கிறது. ஏப்ரல் வாக்கில் ஆலை ஓட ஆரம்பித்தால் டிசம்பர் வரை ஓயாது. வெட்டுவதற்கு முன்னால் கரும்பைக் கொளுத்திவிடுகிறார்கள், தோகை எரிந்துபோனால் வெட்டுவது சுலபம், ஆனால் சாம்பல் கரிக் கரியாகப் பறந்து வந்து கொடியில் காயும் துணியில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அப்பாவுக்கு வீடியோ காலில் ஒரு தடவை மேட்டு மேட்டாகக் கிடக்கிற கரும்புக்காட்டைக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்குத் தண்ணி எங்க இருந்துல பாயுது?" என்பதுதான். கடலோரத்தில் பெரும்பாலும் மழையை நம்பித்தான் கரும்பு, வாய்க்கால் கிடையாது என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்போ ராத்திரி நிம்மதியா தூங்குவாங்க" என்றார்.

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம், அதன் தென்காலில் நம் வயல் கடைமடை. தண்ணீர் நமக்கு வந்து சேர்வதற்குள் ஊரே பாய்ச்சி முடித்திருக்கும். முறை ராத்திரியில் வந்தால் அப்பா மண்வெட்டியும் டார்ச்சுமாகப் போய் விடிய விடிய நிற்பார். அப்படி ஒரு சனிக்கிழமை ராத்திரி பக்கத்து வயல்காரர் நம் வயலுக்குத் தண்ணீர் திரும்பும் வாமடையை அடைத்துவிட்டார், பெரிய சண்டையாகிவிட்டது, அப்பா வாயில் அப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதே இல்லை. மறுநாள் நற்கருணை ஞாயிறு. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயில் வாசல் வரை வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே திரும்பி நடந்தார். நேரே அந்த வீட்டுக்குத்தான். அவர் நம் சபைக்காரர்கூட இல்லை, அப்பாவைப் பார்த்துத் திகைத்துப்போனார். திண்ணையில் உட்கார்ந்து பேசி, காப்பி குடித்து, நாங்கள் கோயிலுக்குத் திரும்பும்போது பிரசங்கம் முடிந்திருந்தது. வழியில் நான் கேட்டேன், அவங்க வேற சாமி கும்பிடுறவங்க தானேப்பா என்று. "சகோதரனோட ஒப்புரவாகிட்டு வந்து காணிக்கையச் செலுத்துன்னு எழுதியிருக்கு. ஒரே வாய்க்கால்ல பாய்ச்சுறவன் சகோதரன் இல்லாம வேற யாரு?" என்றார். அக்கா, இதைக் கட்டாயம் வாசி.

வாழையில் முதல் தார் எப்போதுமே கோயிலுக்கு. கோயில் விருந்தான அசனத்துக்கு முந்தின நாள் அவரே தோளில் சுமந்துகொண்டு போவார், ஏலத்தில் யார் எடுத்தார்கள் என்று கேட்கக்கூட மாட்டார். அம்மா உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசியை அடுப்படி மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவாள், நமக்குக் குறைச்சலாக இருந்த நாளிலும் போடுவாள்.

அந்தப் பிடியரிசிதான் 2023 டிசம்பர் வெள்ளத்தில் சோறானது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது என்று நான் இங்கே செய்தியில் பார்த்துக்கொண்டிருந்தேன், வீட்டுக்குப் போன் போகவில்லை. வாழை முழுக்கச் சாய்ந்துவிட்டது என்பதை அப்பா பிறகுதான் சொன்னார், அதுவும் நான் கேட்டதால். அவர் முதலில் சொன்னது கோயிலில் வந்து தங்கியவர்களைப் பற்றி. கிறிஸ்மஸ் விருந்துக்கென்று கோயிலில் சேர்ந்திருந்த பிடியரிசி மூட்டையை யாரிடமும் கேட்காமல் அவிழ்த்திருக்கிறார். கமிட்டியில் பிறகு பேச்சு வந்தது, அது உனக்கே தெரியும். நான் லீவில் வந்தபோது அந்தக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தேன். டிசம்பர் 18-க்கு நேரே, எத்தனை படி என்று எழுதி, பக்கத்தில் "வந்தவர்களுக்கு" என்று ஒரே ஒரு வார்த்தை. யார், எந்தத் தெரு, எந்தச் சபை, ஒன்றும் இல்லை. பொருளாளர் என்று வாசிப்பதைவிட அந்த வரியை வாசிப்பது நல்லது.

வெள்ளத்துப் படங்களை நான் இங்கே கோயிலில் ஒரு தாத்தாவிடம் காட்டினேன். அவருடைய முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைக் கொண்டுவந்து டர்பனில் இறக்கியது, அதற்குப் பிறகு 1911 வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. ஒப்பந்தம் முடிந்ததும் நிறையப் பேர் ஊம்கேனி ஆற்றங்கரையில் காய்கறி போட்டுப் பிழைத்திருக்கிறார்கள். 1917 அக்டோபரில் அந்த ஆறு பெருகி, டின் டவுன் என்ற குடியிருப்பையே அடித்துக்கொண்டு போனபோது, மாரிமுத்து படவட்டானும் இன்னும் ஐந்து பேரும் மீன்பிடிப் படகை வெள்ளத்துக்குள் செலுத்தி 170-க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். தாத்தா இதைத் தன் வீட்டுக் கதை போலச் சொன்னார். நம் அப்பாவின் அரிசி மூட்டையைப் பற்றி நான் சொன்னபோது, எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

அவர் தலைமுறைக்கே தமிழ் பேச்சு கொஞ்சம்தான், ஆராதனை முழுக்க ஆங்கிலம். ஆனாலும் கடைசியில் ஒரு தமிழ்க் கோரஸ் பாடுவார்கள், ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, கை தட்டி, முழுத் தொண்டையில். எங்கள் சின்னவன் அதை அவர்களோடு சேர்ந்து பாடுகிறான், எனக்கு அது பெரிய சந்தோஷம். அப்பா கேட்டிருந்தால் தாளம் தப்புகிற இடத்தைத் திருத்தியிருப்பார்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். நினைவு ஆராதனையன்று சாப்பாட்டுச் செலவு என்னுடையது, பணம் உன் கணக்கில் போட்டுவிட்டேன். சபை ஐயரிடம் சொல்லி, தெருவில் எல்லோரையும் கூப்பிட வேண்டும், சபைக்காரர்களை மட்டும் அல்ல, அந்தப் பக்கத்து வயல்காரர் வீட்டுக்கு நீயும் அத்தானும் நேரில் போய்ச் சொல்லுங்கள். புதுக் கன்று வைத்த வாழையில் முதல் தார் எப்போது முற்றினாலும் கோயிலுக்குப் போகட்டும், அத்தான் சுமக்க முடியாவிட்டால் ஆட்டோவில் ஏற்றிவிடச் சொல். அந்தக் கணக்குப் புத்தகம் இப்போது யாரிடம் இருக்கிறதோ கேட்டு, டிசம்பர் 18 பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பெரியவளின் பரீட்சைக்காகத் தினமும் ஜெபிக்கிறோம்.

அன்புத் தம்பி