தீன் பையில் எழுதப்படாதவை: கொட்டியாரக் குடாவிலிருந்து ஒரு திறந்த மடல்

தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையினருக்கு,

வணக்கம். திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கொடுவா மீன் வளர்க்கும் வலைக்கூடுகளும் ஊருக்குள் ஒரு திலாப்பியா மீன் குளமும் வைத்திருப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன்.

வளர்ப்பு மீன்களுக்கான தீனில் மீன்தூளைக் குறைத்துத் தாவரப் புரதத்துக்கு மாற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு கிலோ மீன்தூளுக்கு நான்கைந்து கிலோ பச்சைமீன் அரைபடுகிறது. சூடையும் நெத்தலியும் இங்கே ஏழை வீட்டுக் கறி. 2023இல், மீன்தூளைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் பெரு நாடு நெத்தலி பிடிக்கும் பருவமொன்றையே நிறுத்திவைத்தது; அந்தத் தூளை நம்பித் தொழில் செய்வது எவ்வளவு ஆபத்தானது என்று அப்போது தெரிந்தது.

ஆனால் மாற்றுகிற விதம்தான் எங்களை வருத்துகிறது. சென்ற ஆண்டு, புரதம் 42 சதவீதம் என்று அச்சிட்டிருந்த மலிவான தீனை நம்பி வாங்கினேன். முதல்நாள் காலையில் கொடுவாக்கள் வழக்கம்போல் மேலெழுந்து வந்து உருண்டைகளைக் கவ்வின. கவ்விய வேகத்திலேயே துப்பின. மிச்சமெல்லாம் வலையின் மூலையில் ஒதுங்கி ஊறி நொய்ந்து கிடந்தது. பசித்த கொடுவா தன் இனத்தையே தின்னும் என்பதை நீங்கள் அறிவீர்கள். சிறியவை ஒவ்வொன்றாகக் குறைந்தன.

பையிலிருந்த எண் பொய்யில்லை. ஆனால் அது நைதரசனை அளந்து கணக்கிட்ட எண். மீனுக்கு வேண்டியது புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்கள்; மெதியோனினும் லைசினும் அவற்றில் இரண்டு. நல்ல மீன்தூளில் மெதியோனின் ஏறத்தாழ 1.8 சதவீதம், சோயாத் தூளில் ஏறத்தாழ 0.6 மட்டுமே. அதோடு, சோயாவைப் பதமாகச் சூடாக்காவிட்டால் அதிலுள்ள தடைப்பொருள்கள் புரதச் செரிமானத்தைக் கெடுக்கும். தாவர விதைகளிலுள்ள பைட்டேற்று என்னும் பொருளில் கட்டுண்ட பொசுபரசு மீனின் உடலில் சேராமல் கழிவோடு நீரில் கலந்து பாசியை வளர்க்கும்.

இதற்கு வழி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. எள்ளுப் புண்ணாக்கில் லைசின் குறைவு, மெதியோனின் கூடுதல். சோயாவில் அது நேர்மாறு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும். கச்சான் புண்ணாக்கு பூஞ்சணம் பிடித்து நஞ்சாகும் என்பதால் அதில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். திலாப்பியா தாவரமும் உண்ணும் மீன். ஏறத்தாழ 30 சதவீதப் புரதம் அதற்குப் போதும். மாற்றத்தை அதிலிருந்தே தொடங்கலாம். கொடுவா ஊனுண்ணி. அதன் தீனில் மீன்தூளைப் படிப்படியாகத்தான் குறைக்க முடியும். மீன் எண்ணெயை முற்றாக எடுத்துவிட்டால், உண்பவருக்குக் கிடைக்கும் ஒமேகா-3 என்னும் நல்ல கொழுப்பும் குறைந்துபோகும்.

ஆகவே, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு தீன் பையிலும் மூலப்பொருள்கள், மெதியோனின், லைசின், பொசுபரசு அளவுகள் ஆகியவற்றைத் தமிழிலும் அச்சிடுவதைக் கட்டாயமாக்குமாறும், எள்ளும் சோயாவும் கலந்த தீனை இங்குள்ள குளங்களிலேயே பரிசோதித்து முடிவுகளை எங்களுக்கு அறியத்தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். மாரி கழிந்து தை மாதத்தில் குஞ்சு விடும்போது, கொடுவாப் பரிசோதனைக்கென என் கூடுகளில் இரண்டை ஒதுக்கித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
திருகோணமலை மீன் வளர்ப்பாளர் ஒருவர்